குளியலறைத் தளம்: உடைத்து வார்ப்பதா, மேலே ஒட்டுவதா?

இலங்கையின் கிழக்கே, கல்லடி முதல் அக்கரைப்பற்று வரையிலான கடலோரத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குளியலறைத் தளம் மணலின் மேல் நேரடியாக இட்ட மெல்லிய கொங்கிரீட்டாகவே இருக்கிறது. அதில் புதிதாக டைல் பதிக்க மூன்று வழிகள் உண்டு: பழைய டைலின் மேலேயே ஒட்டுவது, மேற்பூச்சை மட்டும் கொத்தி எடுத்து மீண்டும் பூசுவது, அடித்தளத்தையே உடைத்து வார்ப்பது.

மேலே ஒட்டுவதுதான் மலிவானது. ஆனால் தளம் 10 முதல் 15 மில்லிமீற்றர் உயர்வதால் கதவு தட்டும். வெளியறைக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள படி குறைந்து நீர் வெளியே வழியவும் கூடும். பழைய டைல் ஒன்றேனும் தட்டும்போது வெற்றொலி தந்தால் இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கொங்கிரீட் உறுதியாக இருந்து, நீர் ஓடும் சரிவு மட்டும் பிழையாக இருந்தால் மேற்பூச்சை மாற்றுவதே போதும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று அல்லது நான்கு பங்கு ஆற்று மணல் கலந்து, நீர் வெளியேறும் வாயை நோக்கி மீற்றருக்கு 10 மில்லிமீற்றருக்குக் குறையாத சரிவுடன் பூச வேண்டும். கடல் மணலைக் கழுவாமல் சேர்த்தால் அதிலுள்ள உப்பு பின்னர் வெண்படலமாக வெளியே பூக்கும்; மலிவு என்பதற்காக அதை ஏற்கச் சொல்லும் மேசனிடம் இணங்க வேண்டாம்.

முழுவதும் உடைப்பது செலவும் தூசியும் மிகுந்த வழி என்றாலும், சில வீடுகளுக்கு வேறு வழியில்லை. நிலத்துக்குள் குழாய் கசிந்தால் நீர் மணலை மெல்ல அரித்துச் செல்ல, மேலே வெடிப்பில்லாமலே கொங்கிரீட்டின் கீழ் வெற்றிடம் உண்டாகிவிடுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயலை நிரப்பிக் கட்டிய வீடுகளிலோ நிரப்பிய மண்ணே இறங்கிவிடலாம். உடைத்த பின் முதலில் குழாயைச் சோதித்து, மண்ணை நனைத்து இறுக்கி, ஓதம் ஏறாதிருக்கத் தடித்த பொலித்தீன் விரித்து, அதன் மேல் சீமெந்து, மணல், கல் 1:2:4 என்ற கலவையில் 100 மில்லிமீற்றர் கொங்கிரீட் இட்டு, ஏழு நாட்களாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வாவியோரத்து நிலத்தடி நீர் மேலெழுவதால், உடைக்கும் வேலையை அதற்கு முன்பே முடிப்பது நல்லது. மேற்பூச்சை மாற்றினாலும் முழுவதும் வார்த்தாலும், அதன் மேல் நீர்த்தடைப் பூச்சு பூசி, அது காய்ந்தபின் நீர் வெளியேறும் வாயை அடைத்து, ஒரு நாள் நீரைத் தேக்கி, மட்டம் குறைகிறதா என்று பார்த்த பிறகே டைல்காரரை அழைக்க வேண்டும்.