ஸ்வீட் பீ: சின்னப்பூ குப்பானியா, பெரியபூ ஸ்பென்சரா?

வாசனைக்காகத்தான் ஸ்வீட் பீ என்ற பூக்கொடியைப் போடுகிறீர்கள் என்றால், விதை வாங்கும்போதே ரகத்தின் பெயரைப் பாருங்கள். பொட்டலத்துப் படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் ஸ்பென்சரைத்தான் பிடிக்கும். முகர்ந்து பார்த்தால் மனசு மாறும்.

குப்பானி, காட்டுச் செடிக்கு மிக நெருங்கிய ரகம். 1699இல் சிசிலியிலிருந்து இங்கிலாந்துக்கு விதை அனுப்பிய துறவி பிரான்செஸ்கோ குப்பானியின் பெயர்தான் அதற்கு. பூ சின்னது, காம்புக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. மேலிதழ் கருஞ்சிவப்பு, கீழே ஊதா. அவ்வளவுதான், வேறு நிறம் கிடையாது. ஆனால் நாலு காம்பைப் பறித்து ஒரு டம்ளரில் வைத்துப் பாருங்கள். தேனும் ஆரஞ்சுப் பூவும் கலந்தாற்போல் ஒரு மணம், அறை வாசலிலேயே வந்து நிற்கும்.

ஸ்பென்சர் 1901இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. இங்கிலாந்தின் ஆல்தார்ப் மாளிகைத் தோட்டக்காரர் சைலஸ் கோல் கண்டெடுத்த செடி. இதழ்கள் அலை அலையாக மடிந்திருக்கும், காம்பு நீளம், காம்புக்கு நாலு பூவாவது நிற்கும். ஜாடியில் வைக்க இதற்கு ஈடில்லை. மணம் மட்டும் ரகத்துக்கு ரகம் மாறும். சிலவற்றை மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரியும். வெயிலையும் குப்பானி அளவுக்குத் தாங்காது.

வேலையிலும் வித்தியாசம் உண்டு. போட்டிப் பூ வேண்டுமென்று ஸ்பென்சர் வளர்ப்பவர்கள் ஒற்றைத் தண்டை மட்டும் விட்டு, பக்கக் கிளையையும் பற்றுக்கம்பியையும் (கொடி பற்றி ஏறும் சுருள்) கிள்ளிக் கிள்ளிக் கட்டுவார்கள். குப்பானிக்கு வலையைக் கட்டிவிட்டால் தானே ஏறிவிடும். வலை அல்லது மெல்லிய கயிறு கொடுங்கள். பருத்த கழியைப் பற்றுக்கம்பியால் சுற்றிப் பிடிக்க முடியாது.

விதைப்பது இரண்டுக்கும் ஒன்றுதான். ஓர் இரவு ஊறவையுங்கள், அதற்கு மேல் வேண்டாம், அழுகிவிடும். காலையில் பெரும்பாலானவை உப்பியிருக்கும். குண்டுமணி போல் அப்படியே கிடப்பதை மட்டும் எடுத்து, தழும்புக்கு (விதை காயோடு ஒட்டியிருந்த இடம்) எதிர்ப்பக்கத் தோலை நகவெட்டியால் துளி கிள்ளுங்கள். வேர் ஆழமாக இறங்கும் என்பதால் உயரமான தொட்டியில், 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். குளிர்ந்த பருவம்தான் சரி, 15 டிகிரி செல்சியஸ் வாக்கில் நன்றாக முளைக்கும். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை வெடிக்கும். அப்புறம் பூவைத் தயங்காமல் பறியுங்கள்; காய் பிடித்துவிட்டால் செடி பூப்பதை நிறுத்திவிடும்.

ஒன்றே ஒன்று போட இடம் இருந்தால் என் ஓட்டு குப்பானிக்கு. நிறமும் அதுவே, ஆனால் பூ இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டுமா? மட்டுகானா என்ற ரகத்தைத் தேடுங்கள், மணத்தில் குறையில்லை. வருடக்கணக்கில் நிற்கும் ஸ்வீட் பீ என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். அது வேறு இனம், மணமே இருக்காது.

விதைக்காகக் கடைசியில் நாலு காயை விட்டுவைப்பவர்கள் குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்: பார்க்கப் பட்டாணி போலவே இருக்கும், ஆனால் நச்சு.