பிக்சலா, கேலக்ஸியா? ஆண்ட்ராய்டு 15-க்காகக் காத்திருந்த கதை

கூகுளின் பிக்சல் போன்களுக்கு ஆண்ட்ராய்டு 15 வந்தது 2024 அக்டோபர் 15 அன்று. சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கு அதே பதிப்பு, சாம்சங் தன் பாணியில் மாற்றித் தரும் ஒன் யூஐ 7 என்ற பெயரில், 2025 ஏப்ரல் 7 அன்றுதான் வரத் தொடங்கியது. கிட்டத்தட்ட ஆறு மாதம்! அதுவும் ஏழு ஆண்டு அப்டேட் தருவோம் என்று சொல்லி விற்ற போன்.

காரணம் புரிகிறது. கூகுள் தன் மென்பொருளைத் தன் போனில் நேரடியாக ஏற்றுகிறது. சாம்சங்கோ அதன்மேல் தன் வடிவமைப்பு, கேமரா, எஸ் பென் என்ற தொடுதிரைப் பேனா எல்லாவற்றையும் பொருத்தி, எக்சினோஸ், ஸ்னாப்டிராகன் என்று சிப் வாரியாகச் சோதிக்க வேண்டும். அதற்குச் சில வாரம் பொறுக்கலாம், அரை வருடம் நியாயமே இல்லை.

பாதுகாப்புத் திருத்தங்கள் இடையில் எஸ்24-க்கு வந்துகொண்டிருந்தன. அந்த வகையில் ஆபத்தில்லை. ஆனாலும் புதுப் பதிப்பு கையோடு வேண்டும் என்பவருக்கு நான் பிக்சலைத்தான் சொல்வேன்.