பிரிக்காத பெட்டி என்று வாங்கி ஒரு மாதச் சம்பளத்தை விட்டேன்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது முழுசாக என் ஒரு மாதச் சம்பளம்.

கப்பல் மாடல் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ஓர் ஆன்லைன் சந்தை. வாசா என்ற பழைய ஸ்வீடிஷ் போர்க்கப்பலின் மர கிட் (துண்டுகளைச் சேர்த்து நாமே கட்டும் மாடல்), 1:65 அளவு, "இப்போது தயாரிப்பில் இல்லை, பிரிக்காத பெட்டி" என்று ஒருவர் போட்டிருந்தார். அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "டபுள் பிளாங்கிங் இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா சார்? முதல் அடுக்கைத் தண்ணியில ஊறவெச்சு வளைங்க, அவசரப்படாதீங்க" என்றார். (கப்பல் உடலை இரண்டு அடுக்கு மெல்லிய மரப்பட்டையால் மூடுவதுதான் டபுள் பிளாங்கிங்.) இப்படிப் பேசுகிறவனா ஏமாற்றுவான்? அங்கேதான் விழுந்தேன். "தளம் வழியா கட்டினா கமிஷன் போயிடும், நேரா அனுப்புங்க" என்றதும் அனுப்பியும் விட்டேன்.

பெட்டி வந்தபோது கையில் வேறொரு கப்பல். அதற்குக் கயிறு கட்டி முடிக்கவே மூன்று மாதம். நம்மில் யார்தான் வந்த அன்றே பிரிக்கிறோம்? போன வாரம்தான் பிரித்தேன்.

கப்பலின் முதுகெலும்பான கீல் பலகையில் ஒரு பல்க்ஹெட்கூட (அதில் குறுக்கே செருகும் பலகை) உட்காரவில்லை. 5 மி.மீ. பிளைவுட்டுக்கு 4.8 மி.மீ. பள்ளம். சந்தேகம் வந்து வரைபடத்தை விரித்தேன். அதில் அச்சிட்டிருந்த 10 செ.மீ. கோட்டில் ஸ்கேலை வைத்தால் 9.6! ஒரிஜினலைச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்து, அதைப் பார்த்தே மரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். வாசாவில் 64 பீரங்கி, பெட்டியில் 41.

1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய கப்பல் அது. 1961-இல் தூக்கிய அதில் கிடைத்த அளவுகோல்களிலேயே இரண்டு 12 அங்குல ஸ்வீடிஷ் அடி, இரண்டு 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி. ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்த அந்தத் தச்சர்களையாவது மன்னிக்கலாம்.

விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "மரம்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும் சார், தேய்ச்சுக்கோங்க." எத்தனை பல்க்ஹெட்டைத் தேய்ப்பது? பீரங்கியையும் தேய்த்தால் வருமா? அப்புறம் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால் "பணம் எங்கள் வழியாக வரவில்லை." மறுபடி கேட்டதற்கு "30 நாள் தாண்டிவிட்டது." ஒரு மாதச் சம்பளம் போனவனுக்கு ஒரு வரிப் பதில்.

விவரமாக யோசனை சொல்ல நினைத்தேன், மனசில்லை. வந்த அன்றே பிரியுங்கள். வரைபடத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நேராகப் பணம் அனுப்பாதீர்கள்.

இப்போதுதான் பார்த்தேன்: அதே பெட்டிப் படம், அதே "பிரிக்காதது", மறுபடியும் விற்பனைக்கு.