பாறசாலையில் வாங்கிய மூன்று டப்பா

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் எங்கள் வீடு. போன வருடம் மூன்று மாதம் மாதவிலக்கு தள்ளிப்போக, ஸ்கேன் எடுத்துப் பார்த்து பிசிஓஎஸ் என்றார்கள், ஊரில் சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்வார்களே, அது. "வயித்துல கட்டியா?" என்று அம்மா அழுத அழுகையை, எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருந்த ஒரு டயட் சென்டர் காசாக்கிக்கொண்டது.

"90 நாளில் கட்டி கரையும் மோளே, கேரண்டி" என்றார் அங்கிருந்த சேச்சி. வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டர் என்றே நம்பினோம். டயட்டீஷியன்கூட இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு டப்பா 4,800 ரூபாய், மூன்று டப்பா. அம்மா சீட்டு போட்டுச் சேர்த்த பணம். காலையும் இரவும் பவுடர், மத்தியானம் கொஞ்சம் காய். சோறு, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), பால், பழம் எதுவும் கூடாது. இன்சுலின் சரியாக வேலை செய்ய டாக்டர் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அதையும் கேட்டேன் பாருங்கள், என்னை என்ன சொல்ல!

முதல் மாதம் ஆறு கிலோ குறைந்தது. இரண்டாம் மாதம் சீப்பு முழுக்க முடி, பஸ்ஸில் மயக்கம். மாதவிலக்கு வந்தபாடில்லை. நிறுத்தியதும் போன எடை திரும்பி வந்தது. பணம் கேட்டால், "நீ ஒழுங்கா குடிச்சிருக்க மாட்டே." அப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை.

பழைய டாக்டரிடமே தலைகுனிந்து போனேன். திட்டவில்லை, படம் வரைந்து காட்டினார். ஸ்கேனில் தெரிவது கட்டியே இல்லையாம், சினைப்பைக்குள் முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். பிறகு எதைக் கரைப்பது? பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்ட, பருவும் முகத்தில் முடியும் வருகின்றன, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. சாப்பாட்டால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம், அடியோடு போக்க முடியாது. எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியுமாம். இன்ன உணவுமுறைதான் உசத்தி என்று பிசிஓஎஸ் சிகிச்சைக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதலிலும் இல்லை என்றார்.

இப்போது மாத்திரையோடு, சம்பா அரிசிச் சோறு பாதி, சாளை மீன் குழம்பு, தேங்காய் போட்ட சிறுபயறுத் துவரன். மரச்சீனி ஞாயிறு மட்டும், அதுவும் மீனோடு. சீனி போடாத சாயாதான் இன்னும் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. நான்கு மாதத்தில் 3 கிலோ குறைந்திருக்கிறது, இரண்டு தடவை தேதி தப்பாமல் வந்தது.

அந்தக் கடை இப்போது தைராய்டுக்குப் பவுடர் விற்கிறது. பிரிக்காத மூன்றாவது டப்பாவை உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.