அப்பா அறையில் ஒரு போட்டோ ஃபிரேம்: மூன்று வருட அனுபவம்

அப்பாவுக்கு 78 வயதானபோது ஒரு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் வாங்கி அவர் அறையில் வைத்தேன். 10 அங்குலத் திரை, 1280 x 800 பிக்சல், வைஃபையில் இயங்குவது. குடும்பமாக எங்கே போனாலும் போனிலிருந்து படம் அனுப்பினால் போதும், அங்கே தெரியும். இப்போது மூன்று வருடம் ஆகிறது. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் முதல் வருடம் முழுக்க அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

ஒரு நாள் வெளியே போய் வந்தால் எழுபது எண்பது படங்களை அப்படியே ஏற்றிவிடுவேன். பத்து நொடிக்கு ஒரு படம் மாறும். ஒருமுறை அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முன்னால் குனிந்து, யார் என்று பார்ப்பதற்குள் படம் போய்விடுகிறது. "இரு, இரு" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு மனசே கேட்கவில்லை. அன்றைக்கே இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று மாற்றினேன். ஒரு பயணத்துக்கு எட்டுப் படம், அதற்கு மேல் இல்லை.

எந்த எட்டு என்பதும் போகப் போகத்தான் பிடிபட்டது. வயதாக ஆக விழிலென்ஸ் மஞ்சளாகும், உள்ளே போகும் வெளிச்சமும் குறையும். அதனால் சாயங்கால இருட்டில் எடுத்த படங்கள், நமக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அவருக்கு வெறும் கறுப்பு. இருபது பேர் வரிசையாக நிற்கும் படமும் அப்படித்தான், ஒரு முகமும் தெரியாது. பகல் வெளிச்சத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கும் படம் என்றால் பெயர் சொல்லிப் பேச ஆரம்பித்துவிடுவார். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், படுக்கைவாட்டு ஃபிரேம் திரையை நிரப்புவதற்காகத் தலையை வெட்டிவிடும். போனைச் சாய்த்து எடுக்க வீட்டில் எல்லோரையும் பழக்கிவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் இந்தத் திரைக்குத் தாராளமாகப் போதும். பிரிண்ட் போடப் போனால்தான் குறை தெரியும். 4 x 6 அங்குலப் பிரிண்ட் நன்றாக வர 1200 x 1800 பிக்சல் வேண்டும், வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் படத்தில் அது பெரும்பாலும் இருக்காது. படம் எடுத்த தேதியும் அதில் தங்காது. அதனால் முக்கியமான படங்களை, சுருங்காமல் வர, போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்கிறேன்.

வருத்தமான விஷயம் ஒன்றும் நடந்தது. அப்பா வீட்டில் வைஃபை ரவுட்டரை மாற்றினோம். இந்த ஃபிரேம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் வரும் வைஃபையை மட்டுமே பிடிக்கும், புதிய இணைப்பில் அது சேரவே இல்லை. நான் அனுப்பிக்கொண்டே இருந்தேன், அங்கே பழைய படங்களே ஓடிக்கொண்டிருந்தன. மூன்று வாரம் கழித்து அப்பா, "இப்பல்லாம் நீங்க எங்கேயும் போறதில்லையாப்பா?" என்று கேட்டார். அப்புறம் வாரம் ஒருமுறை, "நேத்து அனுப்பின படம் வந்ததாப்பா?" என்று போனில் கேட்டுவிடுகிறேன். அதைச் சாக்காக வைத்து அரை மணி நேரம் பேசுகிறோம்.

போன வருடத்திலிருந்து அப்பாவையும் சின்னப் பயணங்களுக்குக் கூட்டிப் போகிறோம். அதிகம் நடக்க வேண்டாத இடம், உட்கார நிழல், பக்கத்தில் கழிப்பறை, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுவது. அங்கே போனை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். திரையைத் தொட்டால் விரல் நடுக்கத்தில் படம் கலங்கியது. வால்யூம் பட்டனை அழுத்தி எடுக்கக் காட்டிக் கொடுத்தேன், இப்போது பரவாயில்லை.

ஃபிரேமில் இப்போது அவர் எடுத்த படங்கள் பதினொன்று இருக்கின்றன. ஒன்றில் என் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள், கோணலாக இருக்கிறது, ஓரத்தில் அப்பாவின் விரலும் விழுந்திருக்கிறது. அதை நேராக்கி, விரலை வெட்டி அனுப்பினேன். அன்று மாலையே போன் வந்தது.

"நான் எடுத்த மாதிரியே போடுப்பா."

பழையபடியே மாற்றிவிட்டேன்.