ஐந்து லென்ஸுக்கு ஒரு பை: மூன்று வருஷம் சுமந்த பிறகு

முதலில் இருந்தது, கேமரா வாங்கியபோது கடைக்காரர் சும்மா கொடுத்த தோள் பை. நிக்கான் டி7500, அதோடு வந்த 18-140 மி.மீ. லென்ஸ், பிறகு வாங்கிய ஒரு 50 மி.மீ. லென்ஸ். அவ்வளவுக்கு அது தாராளம். அகலக் காட்சிக்கான டோக்கினா 11-16 லென்ஸ் வந்ததும் ஃப்ளாஷை வீட்டில் விட ஆரம்பித்தேன். சின்னப் பொருளை நெருங்கி எடுக்கும் 105 மேக்ரோ வந்ததும் சார்ஜர் பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. அப்புறம் செகண்ட்ஸில், தூரத்துப் பறவைக்கான ஒரு 200-500 அமைந்தது. அதைத் துண்டில் சுற்றி, மகனின் பழைய ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டுதான் ஆறு மாசம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் வந்தேன். ஒரு நாள் லென்ஸின் பின்மூடியில் புளியோதரைப் பருக்கை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அன்றைக்கே பை தேட உட்கார்ந்துவிட்டேன்.

தேடும்போது எல்லாரும் லிட்டர் கணக்குதான் சொல்கிறார்கள். 20 லிட்டர், 30 லிட்டர் என்று. தண்ணீர் பிடிப்பதாக இருந்தால் உதவும். லேப்டாப் அறை, முன்பக்க ஜிப் பை எல்லாம் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. லென்ஸ் நுழையுமா என்று அது சொல்லாது. பார்க்க வேண்டியது உள்ளளவு, அதிலும் ஆழம். 200-500 கிட்டத்தட்ட 27 செ.மீ. நீளம், 10.8 செ.மீ. குறுக்களவு. கேமரா பாடியில் மாட்டினால் 34 செ.மீ.க்கு வந்துவிடும். வெளிச்சத்தை மறைக்கும் ஹூடைத் திருப்பிப் போட்டால் இன்னும் தடிக்கும், முக்காலியில் பொருத்துவதற்கான டிரைபாட் காலரின் கால் வேறு ஒரு பக்கம் துருத்தும். இதெல்லாம் தெரியாமல் ஆன்லைனில் 'ஆழம் 17 செ.மீ.' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். அது வெளியளவு. இரண்டு பக்கப் பஞ்சும் போக உள்ளே 12 கூடத் தேறவில்லை. ஜிப்பை இழுத்தால் பாதியில் நின்றது. திருப்பி அனுப்பி, பணம் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டாவது முறை உஷாராகிவிட்டேன். தரையில் செய்தித்தாளை விரித்து, எல்லாவற்றையும் பைக்குள் எப்படி இருக்குமோ அப்படியே அடுக்கினேன். பெரிய லென்ஸ் பாடியோடு நடுவில், மற்றவை இரு பக்கமும். சுற்றிப் பேனாவால் கோடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே விரல் தடிமன் இடம், தடுப்புப் பஞ்சுக்காக. "என்னங்க, பை வாங்கப் போறீங்களா, பீரோவா?" என்றாள் மனைவி. அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, லென்ஸையும் தூக்கிக்கொண்டு மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். தாளை பைக்குள் விரித்துப் பார்த்ததிலேயே நாலு பை கழிந்துபோனது.

பெரிய லென்ஸைக் கழற்றித் தனியாக வைத்தால் சின்னப் பையே போதுமே என்று கடையில் சொன்னார்கள். குளத்தங்கரைப் புழுதியில் லென்ஸ் மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படம் பதியும் சென்சாரில் எத்தனை புள்ளி விழும் என்று. அதோடு, நாம் மாட்டி முடிக்கும் வரை வரித்தலை வாத்து காத்திருக்காது.

எடுத்தது முதுகுப் பக்கம் திறக்கும் வகை. பையைக் கீழே வைக்கும்போது வெளிப்பக்கம்தான் சேற்றில் படும், முதுகில் படும் பக்கம் சுத்தமாக இருக்கும். பஸ் நெரிசலில் பின்னால் நிற்பவர் ஜிப்பைத் தொடவும் முடியாது. குறை என்னவென்றால், எதை எடுக்கவும் பையை இறக்கியே ஆக வேண்டும்.

அப்புறம் எடை. பேட்டரியோடு பாடி 720 கிராம், 200-500 காலரோடு 2.3 கிலோ, மற்ற நாலு லென்ஸும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 5 கிலோ. வெறும் பையே 2 கிலோ! உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக விடுவது வழக்கமாக 7 கிலோ. சார்ஜர் மறுபடியும் பேன்ட் பாக்கெட்டுக்கே வந்துவிட்டது.

முதல் மாசம் தோள்பட்டை கழன்று விழுந்தது. தப்பு என்னுடையது. இடுப்புப் பட்டையைத் தொந்தி மேல் கட்டியிருந்தேன். அதை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் பையின் தோள் வார்களை இழுக்க வேண்டும். பாரம் இடுப்புக்கு இறங்கியதும் அதே 7 கிலோ பாதியானது போல இருந்தது. ஆனால் மோட்டார் பைக் ஓட்டும்போது இது எடுபடாது. பையின் அடி சீட்டில் முட்டி, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பட்டையைக் கழுத்துக்கு ஏற்றிவிடும். டீக்கடையில் "அண்ணாச்சி, எந்த ஊருக்குப் பொறப்பாடு?" என்று கேட்காத ஆள் இல்லை.

மூன்று வருஷத்தில் உண்மையாகவே கஷ்டப்படுத்தியது ஈரம்தான். மழை உறை பையின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும். குற்றாலச் சாரலில் ஒரு மணி நேரம் நடந்தேன். தலையிலிருந்து இறங்கிய தண்ணீர் முதுகு வழியாகவே ஓடி, நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த முதுகுப் பக்க ஜிப்பில் போய் நின்றது. உள்ளே தடுப்புப் பஞ்சின் ஓரம் நனைந்திருந்தது, லென்ஸ் தப்பியது. மழையில்லாத நாளிலும் நம்மூர் வெயிலுக்கு வியர்வை போதும், அந்தப் பக்கத்தை ஊற வைக்க. பை பெரிதாகிவிட்டதே என்று எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்து மூடிப் பழகியிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசம் திறக்கவே இல்லை. தை மாசம் 50-ஐ வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சை. அந்த லென்ஸ் போயே போய்விட்டது. இப்போது வீட்டுக்கு வந்ததும் எல்லாம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும். உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடுபடுத்தித் திரும்பப் போடுவேன். பையைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே படுக்க வைத்துவிடுவேன்.

மற்ற தேய்மானங்கள் சின்னவை. இரண்டாவது வருஷம் ஜிப் ரன்னர் பிடிப்பு விட்டு, இழுத்த பிறகும் பல் விலகியது. பை தைக்கிறவர் ஒருவர் ரன்னரை மட்டும் மாற்றி 60 ரூபாய் வாங்கினார். இப்போது மாசத்துக்கு ஒரு முறை பல்லில் மெழுகுவர்த்தி தேய்க்கிறேன். வெல்க்ரோவில் நூலும் முடியும் அடைந்து பிடிப்பு குறைந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் கிளறிவிட்டால் சரியாகிறது. அதன் சத்தம்தான் ஆகவில்லை. ஊருக்குள் மரத்தில் கூடு வைத்திருக்கும் நாரைகள் கண்டுகொள்வதில்லை. கரையோர உள்ளான்கள் ஒரு 'டர்ர்ர்'ருக்கே கூட்டத்தோடு எழும்பிவிடுகின்றன. மழை உறையை ஈரத்தோடு சுருட்டி வைத்ததில் அதன் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிட்டது. புதிதாக ஒன்று தனியாக வாங்கினேன்.

ஐந்து லென்ஸையும் ஒரே நாளில் பயன்படுத்தியது இந்த மூன்று வருஷத்தில் இரண்டு முறைதான் இருக்கும். அதனால் பறவைக்குப் போகும் நாளில் பெரிய பையில் 200-500, மேக்ரோ மட்டும். காலியான அறைகளில் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும். கோயில், திருவிழாவுக்கு அந்த இலவசத் தோள் பையே போகிறது. மறுபடியும் இதே பையை வாங்குவேனா என்றால், வாங்குவேன்: ஆழத்தில் இரண்டு செ.மீ. கூடவும், எடையில் அரைக் கிலோ குறையவும் இருந்தால்.