சூடேறினால் நிற்கும் இஎக்ஸ்5

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள், அப்பா 1998இல் வாங்கியது. விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போனது, பால்மர நிரைக்குப் போனது, தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அறுவடைக் கம்பைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் ஓடியது எல்லாம் அதே மோட்டார்தான். 2009 முதல் நான் ஓட்டுகிறேன். மீட்டர் கம்பி அறுந்து பல வருஷமாகிவிட்டதால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டால் சொல்ல வழியில்லை.

97 சிசி, நாலு கியர், கிளட்ச் பிடி கிடையாது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரு கார்பரேட்டர். அவ்வளவுதான் இதன் ஜாதகம். இந்த எளிமைக்காகவே இதைப் பிடிக்கும். ஆனால் போன வருஷம் மூன்று மாதம் இது என்னைப் படுத்திய பாட்டை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய கப்சாய் (இந்த மாதிரிச் சின்ன மோட்டார்) வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இதே இடத்தில்தான் காசை விடுகிறார்கள்.

முதல் தொல்லை 2020லேயே வந்தது. மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அப்புறம் பல மாதம் மோட்டார் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. மறுபடி எடுத்தபோது சோக் (காற்றைக் குறைக்கும் அடைப்பு) போட்டால்தான் ஓடும், சோக்கைத் தள்ளினால் அணைந்துவிடும். இஞ்சின் சூடான பிறகும் சோக் கேட்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கார்பரேட்டர் கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படிந்து, பெட்ரோல் போகும் நுண்துளையான சின்ன ஜெட்டை அடைத்திருந்தது. மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை உருவி அந்த ஓட்டையைச் சுத்தம் செய்தேன். ஊசி விட்டுக் குடையக் கூடாது. ஓட்டை ஒரு மயிரளவு பெரிதானாலும் அளவு கெட்டுவிடும். அது அன்றோடு சரியானது.

போன வருஷம் வந்தது வேறு வகை. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். நன்றாகவே ஓடும். இருபது நிமிடம் கழிந்து சாலை விளக்கில் நிறுத்தினால், மெல்ல மெல்ல இறங்கி அணைந்துவிடும். எத்தனை உதைத்தாலும் அசையாது. பத்து நிமிடம் நிழலில் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையில், லாரிகளுக்கு நடுவில் இரண்டு தடவை இப்படி நின்றது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலில் கார்பரேட்டரை மாற்றினார்கள். பிறகு பொறியின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் சிடிஐ பெட்டி. இன்னொரு பட்டறையில் பொறிக்கு மின்சாரம் ஏற்றும் காயிலும், பொறி பறக்கும் பிளக்கும். மொத்தம் 260 வெள்ளி (ரிங்கிட்). மோட்டார் அப்படியேதான் நின்றது. கூடவே புதுக் கார்பரேட்டரின் ஜெட் அளவு ஒத்துவராமல் பிளக் கரி பிடித்துக் கறுத்தது, பெட்ரோல் தண்ணீராய்ச் செலவானது. நல்லவேளையாகப் பழையதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதைத் திரும்பப் பூட்டி, இணைப்பில் இருந்த ரப்பர் வளையத்தை மட்டும் புதிதாகப் போட்டேன். பிளக் இரண்டு வாரத்தில் கோப்பி நிறத்துக்கு வந்தது. அந்த நிறம்தான் வேண்டும்: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்துப்போனால் காற்று அதிகம். கழற்றிய பழைய சாமானை ஒருபோதும் பட்டறையில் விட்டுவராதீர்கள்.

அதற்குப் பிறகுதான் நானே முறையாகத் தேட ஆரம்பித்தேன். கோளாறு சூட்டில் வருகிறது. அதனால் சூட்டில்தான் பார்க்க வேண்டும். மோட்டார் ஆறிப்போய்ப் பட்டறைக்குள் நுழையும்போது எல்லாமே சரியாக இருக்கும், பார்ப்பவர் பாவம், ஊகித்துத்தான் மாற்ற முடியும். எனவே ஒரு பையில் உபரிப் பிளக், ஸ்க்ரூடிரைவர், சின்னக் கண்ணாடிப் புட்டி போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றியே ஓட்டினேன், அது நிற்கட்டும் என்று.

நின்றது. முதலில் இருக்கையைத் தூக்கிப் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தேன். மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகிப் பெட்ரோல் இறங்காது, திறந்ததும் உஸ்ஸென்று சத்தம் வரும், உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். என்னுடையதில் சத்தமும் இல்லை, ஸ்டார்ட்டும் இல்லை. அடுத்து, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் புட்டியில் பிடித்தேன். (இஞ்சின் கொதிக்கும்போது செய்கிற வேலை இது. ஒரு சொட்டும் மேலே படக் கூடாது, பக்கத்தில் சிகரெட் கூடாது.) கிண்ணம் நிறைய பெட்ரோல் இருந்தது. ஆக, பெட்ரோல் குறை இல்லை. பிறகு உபரிப் பிளக்கைத் தொப்பியில் செருகி, உலோகத்தில் படும்படி வைத்து உதைத்தேன். பளிச்சென்று நீலப் பொறி. காயில் மேலும் சிடிஐ மேலும் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. அப்போதுதான் என் கால் சொன்னது. உதைகோல் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. காலையில் அதே கோல் பாதியில் கெட்டியாக எதிர்த்து நிற்கும். சூட்டில் இஞ்சினுக்குள் காற்று இறுகி நிற்கும் அமுக்கம் போய்விடுகிறது.

காரணம் வால்வு இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் சந்து. இந்த இஞ்சினுக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர் வேண்டும், இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். வருஷக்கணக்கில் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்க இறங்க, இந்த இடைவெளி குறையும். புகை போகும் வால்வுதான் அதிகம் சூடாவது. சூட்டில் அதன் தண்டு நீளும். நீள இடமில்லை என்றால் முழுசாக மூடாது. மூடாத வால்வு வழியே அமுக்கம் கசிந்துவிடும். ஆறினால் தண்டு சுருங்கி மறுபடி மூடும். பத்து நிமிட நிழலின் ரகசியம் இதுதான்.

மறுநாள் காலை, பசியாறுவதற்கு முன்பே வேலையில் இறங்கினேன். இடது பக்க மூடியின் துளை வழியே பார்த்து, உள்ளே சுழலும் சக்கரத்தில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறியை நேராக நிறுத்தினேன். அந்த நிலையில் இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். இரண்டுமே இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும், இஞ்சின் தவறான சுழற்சியில் நிற்கிறது. பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் பக்கம், சந்தை அளக்கும் தகட்டுக் கருவியான ஃபீலர் கேஜின் 0.05 தகடு சிரமப்பட்டு நுழைந்தது. புகை பக்கம் நுழையவே இல்லை. தளர்த்தி, தகடு காகிதத்தை உருவுவதுபோல் லேசான பிடிப்போடு வரும்வரை திருகைத் திருப்பி, அதைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கினேன். இறுக்கும்போது திருகும் கூடவே நகரும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளந்தே ஆக வேண்டும். எனக்கு மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. ஃபீலர் கேஜ் 12 வெள்ளி.

இதில் எனக்கு மிகவும் மனசு வலித்த விஷயம் ஒன்று உண்டு. அதற்கு ஆறு மாதம் முன்பு, தலைப்பகுதியில் டிக் டிக்கென்று சத்தம் கேட்கிறதே என்று நான்தான் ஒரு பட்டறையில் சொன்னேன். அங்கே ஃபீலர் கேஜ் எடுக்காமலே, காதால் கேட்டு, சத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கொடுத்தார்கள். மோட்டார் பட்டுப்போல் ஓடுகிறது என்று சந்தோஷமாக வந்தேன். உண்மையில் இந்த இஞ்சினுக்கு லேசான டிக் சத்தம் ஆரோக்கியம். சத்தமே இல்லாத டேப்பட்டைத்தான் (அந்த வால்வுத் திருகைத்தான்) சந்தேகிக்க வேண்டும்.

சரிசெய்து ஸ்டார்ட் பண்ணியதும் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். "இதுதாண்டா இவன் குரலு. வாங்கினப்ப இப்படித்தான் இருந்துச்சு," என்றார். எனக்கு அதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதமாகிறது. ஈப்போவுக்கு வாரம் ஒரு தடவையாவது போய்வருகிறேன், மத்தியான வெயிலிலும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நாலாவது மாதம் திரும்ப அளந்தேன், புகை பக்கம் தகடு அதே பிடிப்போடுதான் வந்தது. அது மறுபடி மறுபடி சீக்கிரம் இறுகினால் வால்வு இருக்கை தேய்கிறது என்று பொருள், இஞ்சின் தலைப்பகுதியை இறக்கியாக வேண்டும். இப்போதைக்கு அந்த அறிகுறி இல்லை. முன்சக்கரத்து பேரிங் மட்டும் முனக ஆரம்பித்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமை அதைக் கழற்றப்போகிறேன்.